வருகைத் தூதுவர்

ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருவதில்லை என்ற குறையைப் போக்குவதற்காக, ஆசிரியர்கள் எல்லோரும் பத்து நாள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்று ஜூன் மாதத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பியது மேலான தொடக்கப்பள்ளி இயக்கம். நாற்பத்திரண்டு ஓராசிரியர் பள்ளிகளின் நாற்பத்திரண்டு ஆசிரியர்களும் போர்ட் பிளேரில் நடக்கும் பயிற்சிக்கு வந்து சேர வேண்டும். வராதவர்கள்மீது வருகையின்மைக்காக நடவடிக்கை எடுக்கப்படும் என்று கடைசி வரி சொன்னது.

லம்பாநாலா பள்ளியின் குழந்தைவேலு அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். முதல் முறை பயமாக இருந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் வீடு போர்ட் பிளேரிலேயே பத்துபஸ்தியில். அங்கிருந்து கருக்கலில் கிளம்பி, பெரார்கஞ்ச் போகும் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, பாக்குத் தோப்புகளின் ஊடே நாலு கிலோமீட்டர் நடந்தால் லம்பாநாலா. மழைக்காலத்தில் அந்த நாலு கிலோமீட்டரும் சேறு. பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நடந்தாலும் அட்டை எப்படியோ ஏறிவிடும். பள்ளிக்கு இரண்டு அறைகள். அதில் ஒன்றுக்குக் கூரை உண்டு. மற்றொன்றுக்குத் தகரம் கேட்டு எழுதி ஆறு வருஷம் ஆகிறது. குடியிருப்பே வனத்துறைப் பதிவில் ஆக்கிரமிப்பு என்பதால் அங்கே சாலை இல்லை; சாலை இல்லாததால் தகரம் கொண்டுபோக முடியாது என்று ஒவ்வொரு வருஷமும் பதில் வந்தது. தோப்பிலும் கல் குவாரியிலும் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பத்தொன்பது பேர், ஐந்து வகுப்புகளாக, அந்த ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

குழந்தைவேலு மோசமான வாத்தியார் இல்லை. கரும்பலகையில் அழகாக எழுதுவார். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். எழுதியதில் அவர் சிவப்பு மையால் சரி போடுவார். பதினோரு வருஷமாக இதைத்தான் செய்துவந்தார். இதுதான் பாடம் நடத்துவது என்று மனதார நம்பினார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பள்ளிச் சாவியைப் பேச்சியம்மாவிடம் கொடுத்தார். பேச்சியம்மா அங்கே மதியச் சோறு ஆக்குகிறவள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷனோடு ரோடு வேலைக்கு வந்து, புருஷன் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள். மாசச் சம்பளம் என்று அவளுக்கு இருந்தது இந்த அடுப்படி ஒன்றுதான். சின்ன வயதில் அஞ்சாங்கிளாஸ் வரை போனவள். அச்செழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பாள். எழுதுவது மறந்தே போயிற்று.

"பேச்சியக்கா, பத்து நாளைக்குப் பிள்ளைங்கள உள்ள உக்கார வச்சிருங்க. ஓடைப் பக்கம் மட்டும் விட்றாதீங்க. முதலை நடமாட்டம்னு போர்டு வச்சிருக்காங்க."

"உக்கார வச்சு?"

"சும்மா உக்கார வச்சாப் போதும்."

"சும்மா உக்கார வைக்க அதுக என்ன தேங்காயா சார்?" என்றாள் பேச்சியம்மா.

குழந்தைவேலு சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

பயிற்சி ஜங்லிகாட்டில், குளிர்சாதனம் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின வாரத்துக் கல்யாணத்தின் ஜிகினாத் தோரணம் மேடையில் அப்படியே இருந்தது. அதன் கீழே நின்று இயக்கத்தின் தலைவர் சிவபிரகாஷ் தொடக்க உரை ஆற்றினார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆனவர். இன்னும் எந்தத் தொடக்கப்பள்ளியையும் பார்த்ததில்லை என்பதை ஒரு பெருமையாகவே சொன்னார். பார்த்தால் மனம் அந்த ஒரு பள்ளியின் பக்கம் சாய்ந்துவிடுமாம்.

"பள்ளி என்பது கட்டடம் அல்ல, நண்பர்களே. அதனால்தான் நாம் கட்டடம் கட்டவில்லை. பள்ளி என்பது புத்தகமும் அல்ல. புத்தகங்கள் சென்னையில் கப்பலுக்காகக் காத்திருக்கின்றன, காத்திருக்கட்டும். பள்ளி என்பது ஒரு மனநிலை. ஏழைக் குழந்தையிடம் அந்த மனநிலையை உண்டாக்க வேண்டும் என்றால், முதலில் அது நமக்கு உண்டாக வேண்டும். அது நமக்கு உண்டாகும் வரை ஏசியை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தைவேலுவும் தட்டினார். கால் விரல்களுக்கிடையில் பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஈரம் இல்லை. அது நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு சங்கடம் வந்தது. ஆசிரியர்களின் வருகையைப் பதிய இயக்கம் ஒரு ஆப் கொடுத்திருந்தது. பள்ளியிலிருந்து நூறு மீட்டருக்குள் நின்று அதில் முகத்தைக் காட்ட வேண்டும். இப்போது நாற்பத்திரண்டு போன்களும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன: நீங்கள் பள்ளியில் இல்லை, நீங்கள் பள்ளியில் இல்லை. வருகையைப் பற்றிய பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் வராதவர்கள் என்று பதிவாகிவிட்டது. சிவபிரகாஷ் அரை நாள் போனில் பேசினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்வு கிடைத்தது. நாற்பத்திரண்டு பள்ளிகளும் ஜங்லிகாட்டில் அந்தக் கல்யாண மண்டபத்தில்தான் இருக்கின்றன என்று ஆப்பில் மாற்றிவிட்டார்கள். போன்கள் அமைதியாயின. தீவுகளின் சரித்திரத்திலேயே முதல் முறையாக எல்லாப் பள்ளிகளிலும் நூறு சதவீத ஆசிரியர் வருகை. சிவபிரகாஷ் அந்தத் திரையைப் படம் பிடித்து மெயின்லேண்டுக்கு அனுப்பினார். பாராட்டு சாயந்திரமே வந்தது.

நாலாம் நாள் டாக்டர் சௌமியா என்று ஒரு நிபுணர் விமானத்தில் வந்திறங்கினார். ஒவ்வொரு ஆசிரியருக்கும் எதிரே ஒரு காலி நாற்காலி போடச் சொன்னார்.

"அதில் உங்கள் மாணவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் பள்ளியில் இல்லாத நாட்களுக்காக அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். கண்ணைப் பார்த்துக் கேளுங்கள்."

நாற்பத்திரண்டு ஆசிரியர்கள் நாற்பத்திரண்டு நாற்காலிகளிடம் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் மன்னிப்புக் கேட்டார்கள். பக்கத்திலிருந்த முத்துராஜ் சார், "மாஃப் கர்னா பேட்டா" என்று நாற்காலியின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு டீக்கு எழுந்தார். குழந்தைவேலுவுக்கு மட்டும் வாய் வரவில்லை. அவருடைய நாற்காலியில் அஞ்சாம் வகுப்புக் கார்த்திகா நிஜமாகவே வந்து உட்கார்ந்துகொண்டாள். எண்ணெய் வழியும் ரெட்டைச் சடையோடு உட்கார்ந்து, இன்றைக்குக் கரும்பலகையில் என்ன எழுதுவார் என்று அவரையே பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் சௌமியா அதைக் கவனித்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அவ்வளவு இயல்பான ஈடுபாட்டை அவர் வேறெங்கும் பார்த்ததில்லையாம்.

இதே வாரத்தில்தான் மதிப்பீட்டுக் குழு ஒன்று பள்ளிகளைப் பார்க்கக் கிளம்பியது. ஆசிரியர்களுக்கு இடையூறு இருக்கக் கூடாது என்பதற்காக ஆசிரியர்கள் இல்லாத நாட்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் அறிக்கை வந்தது. சிவபிரகாஷ் அதை மேடையில் நின்று படித்தார்.

"நாற்பத்தொரு பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. எனக்கு வேதனையாக இருக்கிறது. இத்தனை பயிற்சிக்குப் பிறகும் இந்த ஆசிரியர்கள் எங்கே போனார்கள்?"

எதிரே உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஆனால் லம்பாநாலா! பள்ளி திறந்திருந்தது. பத்தொன்பது குழந்தைகளும் இருந்தார்கள். கதைப் புத்தகத்தை ஒருவர் மாற்றி ஒருவர் வாய்விட்டுப் படித்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று குழுவினரைப் பார்த்து, 'நீங்க எதுக்கு எழுதிக்கிட்டே இருக்கீங்க?' என்று கேட்டிருக்கிறது. கேள்வி கேட்கும் திறன்! லம்பாநாலா ஆசிரியர் எழுந்து நிற்கவும். உங்களுடைய முறை என்ன?"

குழந்தைவேலு எழுந்தார். "நான் ஒண்ணும் செய்யல சார்," என்றார். "நான் அங்க இல்லவே இல்ல."

டாக்டர் சௌமியா மெல்ல எழுந்தார்.

"கேட்டீங்களா? 'நான் அங்கே இல்லவே இல்லை.' ஆசிரியர் தன்னை முழுக்க அழித்துக்கொண்டு, குழந்தையை மட்டும் முன்னால் நிறுத்துவது. இருபது வருஷமாக நான் கட்டுரைகளில் எழுதிக்கொண்டிருப்பது இதைத்தான்."

அதற்கு அப்போதே மறைவு முறைக் கற்பித்தல் என்று பெயர் வைத்தார்கள். வருகையைப் பற்றிய பயிற்சியில் மறைவு எப்படிச் சரியாகும் என்று பின்வரிசையில் யாரோ கேட்டதற்கு, வருகையின் உச்சம்தான் மறைவு என்று சிவபிரகாஷ் விளக்கினார். குழந்தைவேலுவை இயக்கத்தின் வருகைத் தூதுவராக அறிவித்தார்.

"இன்னும் ரெண்டு மாசம் இங்கயே இருந்து மத்த ஆசிரியர்களுக்குச் சொல்லிக் குடுங்க. உங்க பள்ளிக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

பேச்சியம்மாவின் பெயர் குழந்தைவேலுவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே கருக்கல் பஸ்ஸும் சேறும் ஞாபகத்துக்கு வந்தன. பத்துபஸ்தி வீட்டில் ஆறரை மணி வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்த ஒன்பது காலைகளும் வந்தன.

"டீக் ஹை சார்," என்று தலையாட்டினார்.

அந்த வார்த்தையை அன்றைக்கு அவர் பெரிதாக நினைக்கவில்லை. பிற்பாடு நினைத்துப் பார்க்காத நாள் இல்லை.

மற்ற நாற்பத்தொரு பள்ளிகளையும் ஆப்பில் திரும்ப அவரவர் இடத்துக்கு அனுப்பினார்கள். லம்பாநாலா மட்டும் ஜங்லிகாட்டிலேயே இருந்தது. தூதுவர் தினமும் மண்டபத்து வாசலில் முகத்தைக் காட்டினார். தினமும் பள்ளியில் இருப்பதாகப் பதிவாயிற்று. பிறகு இயக்கத்தின் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். போகிற இடத்திலெல்லாம் அவர் படம் போட்ட பேனர். படத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே "நான் அங்கே இல்லை" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் பேசுவதைக் கேட்க அந்தந்த வட்டாரத்துப் பள்ளிகளைப் பூட்டிவிட்டு ஆசிரியர்கள் வந்தார்கள். பேச்சு முடிந்ததும் சமோசா, டீ. பேசப் பேச அவருக்கே அது ஒரு முறைதான் என்று படத் தொடங்கியது. அப்படிப் படுகிற நாட்களில் நன்றாகச் சாப்பிட்டார்.

அவர் மனைவி நீலாவதிக்கு முதலில் சந்தோஷம்தான். வேலை நாளில் புருஷன் பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருப்பதைக் கல்யாணமாகி இப்போதுதான் பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பிள்ளைங்கள யாருங்க பாத்துக்கறா?"

"பேச்சியக்கா இருக்காங்கல்ல."

"சோறு ஆக்குறதும் அவங்கதான?"

"ஆமா."

"பத்தொம்பது பேருக்கும்?"

"ம்."

நீலாவதி ரசத்தை ஊற்றினாள். அதற்குமேல் கேட்கவில்லை. அவள் இன்னும் நாலு கேள்வி கேட்டுச் சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வாரத்துக்கு ஒரு தடவை பேச்சியம்மாவுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். "எல்லாம் நல்லாருக்கு சார். நீங்க எப்ப வாரீக?" என்பாள். வேறு எதுவும் கேட்க மாட்டாள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு, லம்பாநாலாவில் சிக்னல் கிடைப்பதில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆகஸ்ட் கடைசியில் சிவபிரகாஷ் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆசிரியர் தினத்துக்கு இயக்கத்தோட முதல் பரிசு உங்களுக்குத்தான். அறுபது நாள் முழு வருகை, ஒரு நாள்கூட லீவு இல்ல. பிள்ளைங்க படிப்புலயும் முதலிடம். பள்ளிக்கு ஒரு அலங்கார வளைவு கட்டித் தரப் போறோம்."

"சார், ஒரு ரூமுக்குக் கூரை…"

"வளைவுலதான் இயக்கத்தோட பேர் எழுத முடியும். கூரைல எழுதினா யார் படிப்பாங்க? அத விடுங்க. ஒரு சின்ன அழுக்கு இருக்கு." அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அடிக்குறிப்பாக ஒரு வரி: வகுப்பறைக்குள் கரண்டியுடன் ஒரு பெண்மணி காணப்பட்டார்.

"யாரு இது?"

"சமையல் பண்றவங்க சார்."

"குழந்தைங்ககிட்டப் புத்தகத்தக் குடுத்துப் படிக்கச் சொல்லிட்டிருந்தாங்களாம். கரண்டி சமையலறைச் சாமான், வகுப்பறைக்குள்ள வரலாமா? அவங்களுக்குத் தகுதியும் இல்ல. யோசிச்சுப் பாருங்க, தகுதி இல்லாத ஒருத்தங்க சொல்லிக் குடுத்துப் பிள்ளைங்க படிச்சிடுச்சுன்னா, தகுதி இருக்கற நாம எல்லாம் எதுக்கு? இந்த மண்டபம் எதுக்கு? நான் எதுக்கு?" அவர் குரலில் நிஜமான கவலை இருந்தது. "பள்ளிப் பொறுப்பாளர் நீங்க. நீங்கதான் மெமோ குடுக்கணும். அனுமதி இல்லாம உள்ள நுழைஞ்சேன், எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுறேன்னு அவங்க கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. அப்பறம் பரிசு சுத்தம்."

மெமோ இந்தியில் அடித்துத் தயாராக இருந்தது.

"சார், அவங்கதான்…"

"அவங்கதான் என்ன?"

சொன்னால் அறுபது நாள் வருகையும் பொய்யாகிவிடும். பொய் வருகை போட்டவர் என்று தன் பெயர்மேல்தான் கோப்பு திறக்கும். ஜங்லிகாட்டுக்குப் பள்ளியை மாற்றியவர்கள்மேல் திறக்காது. இதையெல்லாம் யோசிக்கக் குழந்தைவேலுவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவங்கதான் சமையல் பண்றவங்க சார்," என்று மறுபடியும் சொன்னார். மெமோவில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. லம்பாநாலாவுக்குள் நுழைந்தபோது பள்ளியிலிருந்து சத்தம் வந்தது. கத்தலாக இல்லை. ஒரு குரல் மட்டும், பிறகு இன்னொரு குரல். அவர் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

பேச்சியம்மா வாசற்படியில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி அலமாரியில் கிடந்த பழைய புத்தகம் ஒன்றிலிருந்து கார்த்திகா ஒரு கதையை உரக்கப் படித்தாள். புயலில் வழி தப்பிய ஒரு படகின் கதை. ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை இரண்டாம் வகுப்புச் சின்னப் பையனிடம் நீட்டினாள். அவன் எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துக்கொண்டு திணறினான்.

"பொறவு? படகு என்னாச்சுலே?" என்றாள் பேச்சியம்மா.

"ப… டகு… பாறை… மேலே… பறந்தது."

"படகு எப்படிலே பறக்கும்? நல்லாப் பாரு."

"பா… பாய்ந்தது."

"ஆத்தாடி! உள்ள இருந்த புள்ள?" சுளகைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. தானே படிக்கப் பொழுதும் இல்லை, அவ்வளவு வேகமும் இல்லை. படகுக்குள் இருந்த பிள்ளை பிழைத்ததா இல்லையா என்று அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. அதைச் சொல்ல அந்தக் கூரைக்குக் கீழே பத்தொன்பது பேரைத் தவிர வேறு ஆள் இல்லை. பையன் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த வரியின்மேல் விரலை வைத்தான்.

பதினோரு வருஷத்தில் எல்லாப் பாடங்களும் குழந்தைவேலுவுக்குத் தெரிந்திருந்தன. அதனால் ஒரு பிள்ளையிடமும் அவர் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததில்லை.

அவர் உள்ளே போனார். கார்த்திகாதான் முதலில் பார்த்தாள். "சார் வந்துட்டாங்க!" என்றாள். நொடியில் கதைப் புத்தகம் மூடியது. பத்தொன்பது பேரும் கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, பென்சிலைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டார்கள்.

"வாங்க சார், இளைச்சுட்டீகளே," என்று எழுந்தாள் பேச்சியம்மா. அவர் இளைக்கவில்லை. இரண்டு சுற்றுப் பெருத்திருந்தார்.

பையிலிருந்து மெமோவை எடுத்தார். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தில்லா இருக்கு. என்ன சார் போட்டிருக்கு?"

"பிள்ளைங்கள நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு போட்டிருக்கு."

"பெரிய ஆபீஸ்லேர்ந்தா?"

"ஆமாக்கா. கீழ ஒரு கையெழுத்துப் போடணும். மை எடுத்துட்டு வந்திருக்கேன், கைநாட்டு வச்சாப் போதும்."

"மை வேண்டாம்," என்றாள். முகத்தில் வெட்கமும் பெருமையும் கலந்து வந்தன. "ஏ கார்த்திகா, இங்க வா!"

கார்த்திகா வந்து பக்கத்தில் நின்றாள். மற்றப் பிள்ளைகளும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். பேச்சியம்மா சுவரில் தாளை வைத்து, குழந்தைவேலுவின் பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினாள். பே. ச. "புள்ளி அத்தே, புள்ளி," என்றாள் கார்த்திகா. ச் ஆயிற்று. சி. ய. ம. "மறுபடியும் புள்ளி." கடைசி எழுத்து முடிந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். பேச்சியம்மா தன் பெயரைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் தாளை அவரிடம் நீட்டினாள்.

குழந்தைவேலு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டுச் சோறுகூடச் சாப்பிடாமல் கிளம்பினார்.

ஆசிரியர் தின விழா அதே மண்டபத்தில் நடந்தது. சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள், பேசச் சொன்னார்கள். குழந்தைவேலு மைக்கைப் பிடித்தார். இரண்டு நாளாகத் தூங்கவில்லை. எப்படியாவது சொல்லிவிடுவது என்று வந்திருந்தார்.

"இந்தப் பரிசு எனக்கு உரியது இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்தது நான் இல்லை. மதியச் சோறு ஆக்குகிற பேச்சியம்மா. நான் இரண்டு மாதமாகப் பாடம் நடத்த அந்தப் பக்கமே போகவில்லை."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து கை தட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். சிவபிரகாஷ் மைக்கை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீர்களா? தன் உழைப்பை ஒரு சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். இந்தப் பணிவைப் பயிற்சியால் கொடுக்க முடியுமா? முடிந்திருக்கிறது! நம் பயிற்சிதான் கொடுத்திருக்கிறது. அடுத்த வருஷம் பணிவுக்கு என்று தனியாகப் பதினைந்து நாள் நடத்தப் போகிறோம்."

மைக்கைத் திரும்பப் பிடுங்கி இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். சால்வையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இறங்கியிருக்கலாம். குழந்தைவேலு இதில் எதையும் செய்யவில்லை. படம் எடுக்கிறவர் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார், திரும்பினார். சொல்லியாகிவிட்டது, கேட்காதது அவர்கள் குற்றம் என்று வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் நினைத்துக்கொண்டார். பத்துபஸ்தி வருவதற்குள் அந்த நினைப்பு கரைந்துவிட்டது.

அன்றைக்குக் காலையிலேயே பேச்சியம்மாவை நிறுத்தும் உத்தரவு கிளம்பியிருந்தது. குற்றத்தை அவளே கைப்பட ஒப்புக்கொண்டதால் விசாரணை தேவைப்படவில்லை. மதியச் சோற்றைப் பெரார்கஞ்சிலிருந்து ஒரு குழு டப்பாவில் அடைத்து அனுப்பத் தொடங்கியது.

போர்ட் பிளேரிலேயே நிரந்தரமாக இருந்துவிடும்படி சிவபிரகாஷ் கேட்டார். குழந்தைவேலு, பள்ளிக்கே போகிறேன் என்றார். இதையும் பணிவின் கீழ் எழுதிக்கொண்டு அனுப்பி வைத்தார்கள்.

முதல் நாள் பிள்ளைகள் அவரிடம் கேட்டது ஒன்றுதான். "சார், அத்தை எங்க?" டப்பாச் சோறு பதினொன்றரைக்கே வந்து ஆறிக் கிடந்தது. மணி அடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மெமோவின் நகலை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாவின் வீட்டுக்கு நடந்தார். அவள் வாசலில் குந்தியிருந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு வாசிச்சுக் காட்டணும்கா," என்றார்.

வாசித்தார். ஒவ்வொரு வரியையும் இந்தியில் படித்துத் தமிழில் சொன்னார். அனுமதி இன்றி, தகுதி இன்றி, எந்த நடவடிக்கைக்கும். ஒன்றையும் மெதுவாக்கவில்லை. கடைசியில், "உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். கீழ போட்டிருக்கறது என் கையெழுத்து," என்றார்.

பேச்சியம்மா பாக்கை உரிப்பதை நிறுத்தவில்லை. உரித்த பாக்கைக் கூடையில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"நானும்தான போட்டேன்," என்றாள். "என்ன ஏதுன்னு கேட்டனா? பேரு எழுதத் தெரிஞ்சுட்ட மெதப்புல வாசிக்காமப் போட்டுட்டேன்."

"அக்கா, தப்பு என்…"

"பிள்ளைககிட்ட இதச் சொல்லிக் குடுங்க சார். யாரு குடுத்தாலும் வாசிக்காம எதுலயும் பேரு போடக் கூடாதுன்னு. அதுகளுக்கு வாசிக்கத்தான் தெரியுமே." எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "உக்காருங்க, கடுங்காப்பி போடுதேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் திட்டு வாங்கவே அவர் வந்திருந்தார். காப்பி சூடாக இருந்தது. குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாளே இயக்கத்துக்கு எழுதினார். நடந்தது எல்லாவற்றையும், தன் பொய் உள்பட, நாலு பக்கம். கேடயத்தையும் சால்வையையும் அதோடு சேர்த்து அனுப்பினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பரிசு விவரம் ஏற்கெனவே மெயின்லேண்டுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டதால் அவர் எழுதியபடி நடந்திருக்க வாய்ப்பில்லை என்றும், தூதுவர் ஓய்வெடுத்துக்கொள்ளுமாறும் அதில் இருந்தது. கேடயமும் திரும்பி வந்திருந்தது. சாலை இல்லாத லம்பாநாலாவுக்கு வளைவுக்கான கம்பியும் சிமெண்டும் எப்படியோ வந்து இறங்கின.

இப்போது குழந்தைவேலு வகுப்பில் கதைப் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்காருகிறார். அவர்கள் படிக்கிறார்கள். கதை தெரியாதவர்போல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். பிள்ளைகள் அதை நம்புவதில்லை.

பேச்சியம்மாவுக்குப் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் பாக்குக் கொட்டகையில் தினக்கூலி வேலை கிடைத்திருக்கிறது. காலையில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் உள்ளே நின்று மூட்டை கட்டிக்கொண்டிருப்பாள். அவரைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு, "வாங்க சார், பிள்ளைக நல்லாருக்காகளா?" என்று முகம் மலரக் கேட்பாள். நெஞ்சில் ஒரு துளி வன்மம் இல்லாமல் கேட்பாள். பத்து நாள் அதற்குப் பதில் சொன்னார். பதினோராம் நாள் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

அங்கிருந்து மலையடியைச் சுற்றி ஒரு பாதை போகிறது. கொட்டகையின் பக்கம் வராது. ஆனால் நீளம் அதிகம். அதனால் வருகைத் தூதுவர் குழந்தைவேலு பள்ளிக்கூடத்துக்குத் தினமும் கால் மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறார்.